கற்பூரத்தட்டுக்கு எதிரே

கர வருஷம், மாசி 2, சனி

காலையிலேயே வயிற்றெரிச்சல். கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த ராணுவக் கூடாரத்தை உடனே எடு என்று நைனா நிற்க விடாமல் விரட்டினார். பாதித் தையலில் ஊசியோடு சுருட்டி மூலையில் போட்டேன். அந்த இடத்தில் கூலிகள் ஒரு மூட்டையைச் சுமந்து வந்து போட்டார்கள். செத்த யானையைக் கிடத்தியது போல வீடே நிறைந்துவிட்டது. ஆளிவிதை எண்ணெயும் கப்பல் எலியும் சேர்ந்த நாற்றம்.

மூட்டைக்குச் சொந்தக்காரன் ப்ளங்கெட் துரை. பலூனில் ஏறி ஆகாயத்தில் பறக்கிறவனாம். கப்பலில் வரும்போது எலி துணியைக் கடித்துவிட்டது. இந்தச் சென்னபட்டணத்தில் இதைத் தைக்கச் சிந்தாதிரிப்பேட்டை கன்னையாவை விட்டால் ஆள் கிடையாது என்று ஆதிமூலம் செட்டியார் அவனை இங்கே கூட்டிவந்திருக்கிறார். செட்டியார்தான் பறக்கும் காட்சியைக் காண்டிராக்ட் எடுத்தவர்.

நைனாதான் அந்தக் கன்னையா. அவர் தைக்கிறார் என்று ஊருக்குப் பேர். தைப்பது நானும் அம்மாவும். நைனாவுக்குக் கண் மங்கி வருஷக்கணக்காகிறது. அது வெளியே தெரியக்கூடாது என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

துரை உள்ளே வந்தபோது நான் சமையல்கட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. அன்னிய ஆம்பிளை என்பதற்காக இல்லை. வேலை தொடங்குகிற நேரத்தில் என் முகம் எதிரே இருக்கக்கூடாது. என் புருஷன் வாந்திபேதியில் போய் மூன்று வருஷமாகிறது. அன்று முதல் இந்த வீட்டில் எது தொடங்கினாலும் நான் கதவுக்குப் பின்னால்தான். தொடங்கிய பிறகு வந்து முடித்துக் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை.

தம்பி முனிரத்தினம் துரை பக்கத்தில் நின்று இங்கிலீஷ் பேசினான். அவனை மெட்ரிக்குலேஷன் வரை படிக்க வைத்தார்கள். என்னை மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அங்கே கற்ற எழுத்து இதை எழுதவாவது உதவுகிறது.

மாசி 4, திங்கள்

நாள் முழுதும் தையல். விரித்துப் பார்த்தால் ஒரு பெரிய பேரிக்காய். மேலே ஒரு மூடி, கயிற்றை இழுத்தால் திறக்கும். கீழே ஒரு வாய், அதை மூடுவதே இல்லை. எலி கடித்த இடங்களுக்கு ஒட்டுப் போட்டு, இரட்டைத் தையல் தைத்து, அதன் மேல் எண்ணெய் பூச வேண்டும்.

தெருவில் எல்லோரும் இதைப் புகைக்கூண்டு என்கிறார்கள். கோயில் திருவிழாவில் காகிதத்தில் செய்து, அடியில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தி மேலே விடுவார்களே, அது போல என்று நினைப்பு.

"அது இல்ல நைனா," என்றான் முனி. "இதுல பொகையே கெடையாது. பீப்பாயில இரும்புச் சீவலப் போட்டு கந்தகத் திராவகத்த ஊத்துவாங்க. அதுலேர்ந்து ஒரு வாயு வரும். அத அடைச்சா தானா மேல போவும்."

"நெருப்பு இல்லாம எதுடா மேல போவும்? வெள்ளக்காரன் உங்கிட்ட முழுசா சொல்வானா?" என்றார் நைனா.

முனி சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

மாசி 7, வியாழன்

விரலில் ஊசி ஏறி நகத்தைத் தாண்டியது. துரை வந்து தையலைத் தடவிப் பார்த்து "குட், குட்" என்றான். நைனா தலையசைத்து அதை வாங்கிக்கொண்டார்.

மாசி 10, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. கோபத்தில்தான்.

முனி பறக்கப் போகிறானாம்.

பைக்குக் கீழே தொங்கும் கூடையில் துரையோடு ஏற ஒரு ஆள் வேண்டும். கூட வந்த வெள்ளைக்காரன் கல்கத்தாவிலேயே வேலையை விட்டுவிட்டு ஓடிவிட்டான். அவன் ஏன் ஓடினான் என்று ஒருவராவது கேட்டார்களா? செட்டியார் கையைத் தட்டி, "நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் ஏறினா ஜனம் அலைமோதும் மேஸ்திரி. நம்ம முனிரத்தினம் இருக்கானே," என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. செட்டியாருக்கும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனை ஏற்ற வேண்டியதுதானே.

நைனா யோசிக்கக்கூட இல்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு சரி என்றார். அம்மா அழுதாள், பிறகு பட்சணம் செய்யப் போனாள்.

துரை எடை பார்க்க வேண்டும் என்றான். எடை குறையக் குறைய நல்லதாம். கூடாரத் துணி நிறுக்கும் பெரிய தராசில் முனியை உட்கார வைத்தார்கள். அவன் காலை ஆட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்குப் பால் இல்லாமல் போனபோது அவனுக்குச் சங்கில் பால் புகட்டி வளர்த்தவள் நான்.

அவர்கள் போன பிறகு தட்டைத் துடைக்கப் போனேன். சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முனியின் எடைக்கு வைத்த கற்கள் அசையவே இல்லை. இரண்டு கல்லை எடுத்த பிறகுதான் தட்டு சமமானது. இதில் ஒன்றுமில்லை, எழுதத் தோன்றியது, எழுதினேன்.

மாசி 13, புதன்

புருவம் கருகிவிட்டது. அடுப்பில் என்று அம்மாவிடம் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதினால் எழுதுவதில் அர்த்தமில்லை.

நேற்றுத் துரை மிச்சத் துணியில் தலையணை அளவுக்கு ஒரு பை தைக்கச் சொன்னான். எண்ணெய்ப் பூச்சு வாயுவைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு போத்தலில் இரும்புச் சீவலும் திராவகமும் போட்டு அந்தப் பையை ஊதவைத்து நூலில் கட்டிவிட்டான். அது எழும்பிப் போய் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. இன்று மத்தியானமும் அங்கேயே இருந்தது. துரை திருப்தியாகப் போய்விட்டான். பையை யாரும் எடுக்கவில்லை.

நான் எடுத்தேன். சமையல்கட்டுக்குக் கொண்டுபோய் நூலை விட்டு விட்டுப் பிடித்தேன். விட்டால் போகிறது, இழுத்தால் வருகிறது. சாயங்காலம் வரைக்கும் அதே வேலையாக இருந்தேன். உலை பொங்கிக் கஞ்சி வழிந்ததுகூடத் தெரியவில்லை. விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டதே என்று அவசரமாக அகலை ஏற்றி நிமிர்ந்தேன். பை சற்றுத் தொங்கி என் தலைக்கு மேலே நின்றது. கையில் அகல்.

டப் என்று ஒரு சத்தம். கண் முன்னால் ஒரு நெருப்பு, அவ்வளவு பெரிய நெருப்பை நான் வீட்டுக்குள் பார்த்ததில்லை. புகையே இல்லை. கண் திறந்தபோது நூல் மட்டும் கையில் இருந்தது.

ஒரு தலையணைக்கே இந்த நெருப்பு. கூடத்தில் கிடப்பது ஒரு வீட்டளவு பை.

மாசி 14, வியாழன்

முனியிடம் சொன்னேன். "தெரியும்க்கா. பக்கத்துல சுருட்டு புடிக்கக்கூடாதுன்னு தொரை சொல்லிக்கிறாரு," என்றான்.

"உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கெல்லாம் சொன்னா யாரு டிக்கெட் வாங்குவா? போலீசு எடமே தரமாட்டான். நீ வாய வெச்சிக்கினு சும்மா இரு."

அது எரியும் என்று தெரிந்துகொண்டே அதன் அடியில் உட்காரப் போகிறான். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

நைனாவிடம் போனேன். புருவத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தொரையோட சாமான ஏண்டி தொட்ட?"

"நைனா, நெருப்பு பட்டா அது மொத்தமா எரிஞ்சிடும். முனி அதுக்கு அடியிலதான் நிப்பான்."

"பொகைக்கூண்டே நெருப்புலதானடி போவுது. பெருசா சொல்ல வந்துட்டா." எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். செவிடன் காதில் ஊதின சங்கு. இனி பட்டறைப் பக்கம் வராதே என்று அம்மா மூலம் உத்தரவு வந்தது. பாதித் தையல் பாக்கி இருப்பது ஞாபகம் வந்ததும் சாயங்காலம் அதே அம்மா மூலம் உத்தரவு ரத்தாயிற்று.

மாசி 18, திங்கள்

கடைசித் தையல் முடிந்தது. செட்டியார் நோட்டீஸ் அடித்துவிட்டார். "ஆகாய யாத்திரை! சென்னபட்டணத்து வீரர் முனிரத்தினம்!" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே துரையின் பெயர். தைத்தவர் கன்னையா என்று சின்ன எழுத்தில் நைனாவுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஊர் முழுவதும் ஒட்டியாகிவிட்டது.

புறப்படும் முன் பூஜை போட வேண்டும் என்றார் செட்டியார். பூஜை என்றால் என்ன என்று துரை கேட்டானாம். தேங்காய் உடைப்பது, மாலை போடுவது, பூசணிக்காய் சுற்றுவது என்று முனி விளக்கினான். துரை சிரித்துவிட்டுச் சரி என்றானாம்.

மாசி 22, வெள்ளி

நாளை.

அம்மா சொல்லிவிட்டாள். "விடியக்காலம் அவன் பொறப்படற வரைக்கும் நீ பின்கட்டுலயே இரு. மைதானத்துக்கும் வரவேணாம்."

"நான் தெச்சது, நான் பாக்கக்கூடாதா?"

"உன் தம்பி உசுரோட திரும்பி வரணும்னா வேணாம்."

பெற்றவள் வாயால் இதைக் கேட்டேன். திருப்பிச் சொல்ல ஆயிரம் இருந்தது. உரலருகே போய் உலக்கையை எடுத்து நெல்லைக் குத்தினேன். அரிசி நொறுங்கிப் போயிற்று. நொறுங்கட்டும்.

முனி படுக்கப் போகும் முன் பின்கட்டுக் கதவருகில் வந்து நின்றான். "அக்கா, வரட்டுமா," என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் சகுனம் என்பார்கள்.

மாசி 23, சனி

கன்னம் வீங்கியிருக்கிறது. எழுத முடிகிறது, அது போதும்.

காலையில் முனியும் நைனாவும் போனார்கள். நான் பின்கட்டில். அம்மா மத்தியானத்துக்கு மேல் பூஜைத்தட்டோடு புறப்பட்டாள். தெருப் பெண்கள் சேர்ந்து போகிறார்கள். தட்டு சமையல்கட்டு மேடையில் இருந்தது. தேங்காய், வெற்றிலை, பூ, மஞ்சள். நடுவில் ஒரு கை நிறையக் கற்பூரம். பக்கத்தில் தீப்பெட்டி.

அப்போதுதான் புரிந்தது. பூஜை என்றால் தேங்காய், மாலை, பூசணி என்று முனி துரைக்குச் சொன்னானே, கற்பூரத்தைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. நம்மில் யார் அதைத் தனியாகச் சொல்வார்கள்? சோறு என்றால் உப்பும் என்றா சொல்கிறோம்? கற்பூரம் இல்லாத பூஜை உண்டா? துரைக்கு அது தெரியாது. முனிக்குத் தோன்றவில்லை.

"அம்மா, கற்பூரத்த இங்கயே வெச்சிட்டுப் போ. அங்க கொளுத்தக்கூடாது."

"நல்ல நாளும் அதுவுமா வாயத் தொறக்காத," என்று தட்டைப் புடவையால் மூடிக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தி வெளியே நாதாங்கியும் போட்டாள்.

பின்கட்டுச் சுவர் ஆள் உயரம். நான் கூடாரத் துணியை முதுகில் சுமந்து பழகியவள். ஏறிக் குதித்தேன்.

தீவு மைதானத்தில் இவ்வளவு ஜனத்தை நான் கண்டதில்லை. பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது. நடுவில் அது நின்றது. நான் தைத்த துணி. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது. காற்றில் இப்படியும் அப்படியும் ஆடி, கயிறுகளை இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துவிட்டது.

பீப்பாய்கள் பின்பக்கம். துரை அங்கே குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான். முன்பக்கம் கூடை, கூடைக்குள் மாலையும் கழுத்துமாக முனி. அவன் தலைக்கு நேர் மேலே அந்த மூடாத வாய். வெயிலில் பை உப்பியிருந்தது. உப்பினால் உள்ளே இருப்பது அந்த வாய் வழியாகத்தான் வழியும். இதைச் சொல்லித்தர யாரும் வேண்டாம். வாயைத் தைத்தவளுக்குத் தெரியும்.

தேங்காய் உடைந்தாகிவிட்டது. பூசணிக்காய் சுற்றியாகிவிட்டது. குருக்கள் தட்டைக் கூடைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தார். கடற்காற்றில் அணைந்தது.

"கொளுத்தாதீங்க," என்று கத்தினேன். பேண்டு சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆண்கள் முதுகுகள் சுவர் போல நின்றன. "நைனா, முனி," என்று கத்திப் பார்த்தேன். இரண்டாவது குச்சியும் அணைந்தது. செட்டியார் மேல்துண்டை விரித்துக் காற்றுக்கு மறைப்புக் கட்டினார். குருக்கள் மூன்றாவது குச்சியை எடுத்தார்.

என் பேச்சை இவர்கள் கேட்டதே இல்லை. இனியும் கேட்கப் போவதில்லை. ஆனால் என்னிடம் ஒன்று இருக்கிறது, அதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள்.

முக்காட்டை எடுத்தேன். வெறும் நெற்றியும் வெள்ளைப் புடவையுமாக முன்னால் இருந்தவர்களை இடித்துக்கொண்டு நடந்தேன். தொட்டதும் அவர்களே விலகினார்கள். தட்டுக்கும் கூடைக்கும் நடுவில் போய் நின்றேன்.

பேண்டு ஒவ்வொன்றாக நின்றது. குருக்கள் கை அப்படியே நின்றது. குச்சியைக் கீழே போட்டார். "அபசாரம்," என்றார். "பொறப்படற நேரத்துல எதிர்ல வந்து நிக்கறாளே. தீபாராதனை கிடையாது இப்போ." தட்டைத் துணியால் மூடிவிட்டார்.

"யார்டி இவ? இழுத்துப் போடுங்கடா," என்றார் செட்டியார். யாரும் என்னைத் தொட வரவில்லை. தொட்டால் அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமே. நைனா வந்தார். அத்தனை ஜனத்துக்கு முன்னால் அறைந்தார். "தம்பியக் கொல்ல வந்தியாடி."

கூடை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முனி மேலிருந்து, "அக்கா, போயிடுக்கா. ஏன்க்கா இப்படி," என்றான். அவன் குரலிலும் பயம். நெருப்புக்கு இல்லை, எனக்கு.

சத்தம் நின்றதைப் பார்த்துத் துரை பின்பக்கத்திலிருந்து வந்தான். என்னைப் பார்த்தான். குருக்கள் காலடியில் கிடந்த தீக்குச்சிகளைப் பார்த்தான். தட்டின் மேலிருந்த துணியை விலக்கிப் பார்த்தான். வெள்ளைக்காரன் முகம் இன்னும் வெளுக்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னை நேராகப் பார்த்தான், எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

சொல்வான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை. முனி தமிழில் திருப்பிச் சொல்லியிருப்பான்.

தீப்பெட்டியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கூடையில் தாவி ஏறிக் கயிறுகளை வெட்டச் சொன்னான். போய்விட்டான். என் கையிலிருந்து கூடை விளிம்பு உருவிக்கொண்டு போனது. ஜனம் அண்ணாந்து பார்த்து ஆரவாரம் செய்தது. நானும் பார்த்தேன். பிறகு கல் விழ ஆரம்பித்தது.

மாசி 24, ஞாயிறு

இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். கடற்காற்று அவர்களை மேற்கே தள்ளி அமைந்தகரை வயலில் இறக்கியது. துரைக்குக் கால் முறிந்தது. முனிக்குச் சிராய்ப்பு மட்டும்.

துரை கால் முறிந்ததும் என் கணக்கில் சேர்ந்துவிட்டது. வாசலில் சாணி அடித்திருந்தார்கள். நான்தான் கழுவினேன்.

சாயங்காலம் தெருவில் முனிக்கு மேளதாளம். பேசச் சொன்னார்கள். பின்கட்டு வரைக்கும் கேட்டது. "எதிர்ல என்ன சகுனம் வந்தாலும் அம்மன் என்னைக் காப்பாத்தினா," என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

சங்கில் பால் புகட்டின வாய்.

மாசி 26, செவ்வாய்

முனி வந்தான். பின்கட்டு வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். "தொரை மேல போனதும் சொன்னாருக்கா. நீ நிக்காம இருந்தா நாங்க கரிக்கட்டைன்னாரு."

"அப்ப ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியும்."

அவன் நிலைக்காலை நகத்தால் சுரண்டினான்.

"தெரிஞ்சுக்கினேதான் அம்மன் காப்பாத்தினான்னு சொன்னியா?"

"அந்தக் கூட்டத்துல வேற என்னக்கா சொல்றது? வாயு எரியும்னு சொன்னா தொரை பொழப்பு போச்சு. நல்லபடியா முடிஞ்சிடுச்சில்ல, உடுக்கா."

அவன் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை. அவனும் கேட்கவில்லை.

பங்குனி 3, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன்.

வேலூரில் அடுத்த காட்சி. துரை கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடக்கிறான். பலூனை இனி முனிதான் ஓட்ட வேண்டும். கூட மூடிக் கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அது அப்புறம். முதலில் முனி கேட்டது வேறு.

"அக்கா, நீயும் வேலூருக்கு வரணும்."

"எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "எந்த ஊருக்குப் போனாலும் தட்டோட வருவாங்க. கொளுத்தாதீங்கன்னா ஏன்னு கேப்பாங்க. நீ வந்து முன்னாடி நின்னா போதும், யாரும் கிட்ட வரமாட்டாங்க. தொரைதான் கேக்கச் சொன்னாரு."

உச்சந்தலை வரைக்கும் சுட்டது. யானைக்கு அங்குசம், வயலுக்குப் பொம்மை, புகைக்கூண்டுக்குத் தாயாரம்மாள் என்கிற நான். ஊர் ஊராகப் போய் நான் தரித்திரமாக நிற்க வேண்டும். இவர்கள் மாலை போட்டுக்கொண்டு மேலே போவார்கள். கல்லடி எனக்கு.

கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"தரையில நிக்க மாட்டேன். கூடையில நிக்கறேன்."

"என்னக்கா சொல்ற?"

"உன்னைவிட நான் எடை கம்மி. நிறுத்துப் பாத்தாச்சு. மூடிக் கயிறு, வாயி, எல்லாம் நான் தெச்சது. நான் உள்ள நின்னா கற்பூரம் பத்து அடிக்கு அப்பாலயே நின்னுடும். அதுக்கு முன்னாடி நைனாகிட்ட நீ உண்மையச் சொல்லணும். செட்டியார் முன்னாடி. ரெண்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் நான் வரல, நீயே போய்க் கொளுத்திக்கோ."

அவன் முதன்முறையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தான்.

பங்குனி 5, வியாழன்

முனி சொன்னான். கதவுக்குப் பின்னால் நிற்கமாட்டேன் என்று கூடத்திலேயே நின்றேன். செட்டியார், நைனா, அம்மா எல்லோரும் கேட்டார்கள்.

அம்மா என் கையைப் பிடிக்க வந்தாள். விலக்கிக்கொண்டேன். பிடிக்கட்டும், ஒரு நாள். இன்று இல்லை.

செட்டியார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொம்பளை பறக்கறான்னா ஜனம் ரெண்டு மடங்கு வரும்," என்றார். அன்று இழுத்துப் போடச் சொன்ன அதே வாய்.

நைனா அளவு நாடாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா?

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி."

புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை. அதைத் தடவிக்கொண்டு நின்றேன். நைனா அதைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலூர், பங்குனி 14, சனி

கோட்டை மைதானம். துரை நாற்காலியில் உட்கார்ந்து கையாட்டி உத்தரவு போட்டான். முனியும் நானும் கூடைக்குள். முக்காடு போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்பார்த்தது போலவே ஊர்ப் பெரியவர் ஒருவர் தட்டோடு வந்தார். தேங்காய், பூ, நடுவில் கற்பூரம். பாதி வழியில் என் நெற்றியைப் பார்த்தார். நின்றார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயிலேயே போடுவேன்.

நைனா கீழே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தாயாரு, கெட்டியாப் புடிச்சிக்கோ," என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவர் கயிற்றை விட்டார்.

சத்தமே இல்லை. நாங்கள் போவது போலவே இல்லை, ஊர்தான் கீழே போனது. கோட்டை அகழி ஒரு நாடா அளவுக்குச் சுருங்கியது. ஜனங்களில் யார் மாலை போட்டவர், யார் கல் எறிகிறவர் என்று தெரியவில்லை. தலைக்கு மேலே என் தையல், ஒரு இடத்திலும் பிரியாமல்.

மேலே போனால் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. என்னோடு ஏறியது, என்னோடுதான் இறங்கும். ஆனால் மூச்சு நன்றாக வந்தது.

முனி கூடை விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது. போன தடவையும் இப்படித்தான் பயந்திருப்பான், வெளியே சொல்லவில்லை. மூடிக் கயிறு என் கையில் இருந்தது.

"எறங்கலாமாக்கா," என்று கேட்டான்.

இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன்.